ஒரே நீளத்தில் இரண்டு கொடிகள்

துபாய் அல் குசைஸில் ஒரு பட்டறையில் கொடி தைக்கும் அம்மையப்பனுக்கு அரசியல் தெரியாது. ஆனால் எந்த நாடு எந்த நாட்டோடு பேசுகிறது, எது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆர்டர் வரும், அல்லது வராது. 2017 ஜூனில் ஒரு காலை, சூப்பர்வைசர் சதக்கத்துல்லா வந்து கத்தார் கொடிக்கான கருஞ்சிவப்புத் துணியை எல்லாம் மேல் அடுக்கில் ஏற்றச் சொன்னார்.

"எதுக்கு பாய்?"

"சண்டையாம்ப்பா. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

"யாருக்கும் யாருக்கும்?"

"நீ ஜோடியாத் தைக்கிறியே, அந்த ரெண்டு கொடிக்கும்."

அந்த ஜோடியில் ஒரு சங்கதி உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேசையில் ஒரே தாங்கியில் இரண்டு சிறு கொடிகள் நிற்க வேண்டும். கத்தார் கொடி பிறவியிலேயே நீளம். அமீரகக் கொடியின் பக்கத்தில் வைத்தால் மூன்று விரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நட்பு விழாவில் அது மரியாதை இல்லை. எனவே ஒன்பது வெள்ளை முனைகளும் கெடாமல் கருஞ்சிவப்பை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். பட்டறையில் அந்த வெட்டு அம்மையப்பனுக்கு மட்டுமே கைவந்தது. சமமாக இருப்பதற்கு யாராவது ஒருவர் குறைய வேண்டும் என்பதை அவரைப் போல் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அதைத் துணியோடு நிறுத்திக்கொண்டதுதான் அவருடைய வாழ்க்கை.

துணி மேலே ஏறிய அதே வாரம், அறந்தாங்கிப் பக்கத்து ஊரில் அவருடைய தங்கை நாகஜோதி குழாயடியில் மயங்கி விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் புருஷன் மணிமாறன் தோஹா தொழில்பேட்டையில் வெல்டர். எப்போதும் ஷார்ஜா வந்து, அங்கிருந்து திருச்சிக்கு விமானம் ஏறுகிறவன். சண்டையில் அந்த அமீரக வழி அடைபட்டுவிட்டது. சென்னைக்கு நேரே போகும் விமானங்களிலோ, வழி அடைபட்ட அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மையப்பன் துபாயிலிருந்து நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கினார். மணிமாறனுக்காகக் காத்திருக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு எடுத்தார்கள்.

மாலையில் மணிமாறன் போன் செய்தபோது, மயானத்துச் சாம்பல் காலில் இருக்க, அம்மையப்பன் சொன்னார்: "கடல்ல நீந்தியாவது வந்திருக்கலாம் மாப்ள. ஓவர்டைம் போயிருமேன்னு உக்காந்துட்டீங்களா?"

வாய் தவறிய பேச்சுக்கும் மரியாதைப் பன்மை குறையவில்லை. மணிமாறன் போனை வைத்தான். அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

ஊர் இதை மிக அழகாகப் புரிந்துகொண்டது. "பாவம், ரெண்டு தேசத்துக்கும் ஆகலையாம்ல, போனு கூடப் போகாதாம்" என்றார்கள். போன் நன்றாகவே போகும். ஆனால் அம்மையப்பன் திருத்தவில்லை. ஒரு மனிதனின் அற்பமான வைராக்கியத்துக்கு இரண்டு அரசாங்கங்கள் முட்டுக் கொடுத்து நிற்பது லேசில் கிடைக்கிற வசதியா? மூன்றரை வருஷம் அதில் சாய்ந்துகொண்டார். சொன்ன சொல் மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது. அதை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அவன் முதலில் கூப்பிட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தார்.

2021 ஜனவரியில் நாடுகள் சமாதானமாகிவிட்டன. டிவியில் பெரியவர்கள் மாஸ்க்கோடு கட்டித் தழுவினார்கள். பட்டறைக்கு இருநூறு ஜோடிக்கு ஆர்டர் வந்தது. துணியை இறக்கிப் பார்த்தால், மடிப்பு நெடுக வெளுத்திருந்தது.

"மடிப்பை விட்டுட்டு வெட்டு. யல்லா, சீக்கிரம், வியாழக்கிழமை டெலிவரி" என்றார் சதக்கத்துல்லா.

நூற்று நாற்பது ஜோடி முடிந்தபோது சாப்பாட்டு நேரம். முட்டு போய்விட்டது, இனி சாய்ந்திருக்க முடியாது. அம்மையப்பன் பட்டறை வாசலில் நின்று பழைய எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க மச்சான்" என்றான் மணிமாறன், நேற்றுப் பேசியவன் போல. பின்னால் கிரைண்டர் சத்தம்.

"பிளைட் விட்டுட்டாங்களாமே மாப்ள."

"விட்டுட்டாங்க. டெஸ்ட் எடுக்கணுமாம்."

"ஆமாமா. கொடி தச்சுக்கிட்டிருக்கேன். உங்க கொடியும் எங்க கொடியும்."

"நம்ம கொடி எது மச்சான்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தது. கிரைண்டரும் நின்றுவிட்டது.

"அன்னைக்கு எனக்கு சீட்டு கிடைச்சுச்சு" என்றான் மணிமாறன். "மறுநாள் ராத்திரிக்கு. டிக்கெட்டைப் போட்டுட்டு அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருக்கலாம்ல மச்சான்?"

அம்மையப்பனிடம் பதில்கள் தயாராக இருந்தன: ஜூன் வெயில், பெரியவர்கள் சொன்னது, கரண்ட் நிற்காத நாள் கிடையாது. மூன்றரை வருஷமாகத் தனக்கே சொல்லிப் பழகியவை. வாயில் வந்தது வேறு.

"எனக்கு அப்ப நாலு நாள்தான் லீவு மாப்ள."



"ஆமா" என்றான் மணிமாறன். "நம்ம லீவு அப்படித்தான்."

"நான் அன்னைக்குச் சொன்னது..."

"எது, நீந்தி வரச் சொன்னதா?"

"அதுதான்."

"எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதோடு மல்லுக்கு நின்றிருக்கலாம். "டூட்டிக்குக் கூப்பிடுறான். வச்சிரட்டுமா?"

"வைங்க மாப்ள."

வாங்க என்று இவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. துபாயிலிருந்து தோஹாவுக்கு ஒரு மணி நேரம் சொச்சம் பறந்தால் போய்ச் சேரலாம்.

அம்மையப்பன் உள்ளே வந்து அளவுகோலை வைத்து வெட்டினார். இத்தனை வருஷத்தில் நடக்காதது நடந்தது: கத்திரி உள்ளே ஓடிவிட்டது. தாங்கியில் மாட்டிப் பார்த்தால் கத்தார் கொடி இரண்டு விரல் குட்டை.

"என்னப்பா இது!" சதக்கத்துல்லா அதைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு குறைச்சுட்டியே. இதை மேசையில வச்சா மறுபடி சண்டை வந்துரும்."

"வேற வெட்டிடறேன் பாய்."

"துணி பத்துமா?"

அம்மையப்பன் உருளையைப் பிரித்தார். வெளுத்த மடிப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் துணி நிறையவே இருந்தது.