கம்ப்ரஸர் தாங்கிய குரல்

எங்கள் இன்னிசைக் குழுவின் நோட்டீஸில், பாடுகிறவர்களின் பெயருக்கும் மேலே ‘ஸ்டீரியோ ஒலியமைப்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கச் சொல்வார் என் கணவர். தர்மபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். குழுவுக்கு ஒலியமைப்பும் அவர்தான். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் ஸ்டீரியோ என்றால், மேடைக்கு இரண்டு புறமும் ஸ்பீக்கர் கட்டுவது என்றுதான் நினைத்தார்கள். அது இல்லை என்று அவர் ஆள் ஆளாகப் பிடித்து மல்லுக்கு நிற்பார். வயலின் இந்தப் பக்கம், கிடார் அந்தப் பக்கம், பாடுகிறவள் நட்டநடுவில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பார். பாடுகிறவள் நான். எனக்குப் பாட்டு வருவதற்கு முன்னால் கோபம் வரும் என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டார்.

என் குரல் உச்சிக்குப் போனால் ஸ்பீக்கர் அலறும். கீழே இறங்கினால் தபலா விழுங்கிவிடும். பாட்டு முழுக்க அவர் ஒரு கையைச் சத்தத் திருகிலேயே வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். அந்த வேலையைத் தானாகச் செய்கிற கருவிக்குக் கம்ப்ரஸர் என்று பெயர். பெங்களூரில் பழைய சாமான் விற்கும் சந்தையில், ஏதோ ஸ்டூடியோவில் கழித்துப் போட்ட ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஸ்டீரியோவுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். எங்கள் வசதிக்கு ஒன்றுதான் கட்டுபடியானது. பஸ்ஸில் கைக்குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கம்ப்ரஸர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் என்று எண்ணி, தன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறாரா என்று கேலி பேசிவிட்டுப் போனார்.

ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியவில்லை. அதை இடப்பக்கத்துக்கு மாட்டினார். தபலா ஓங்கி விழுகிற போதெல்லாம் இடப்பக்கம் மட்டும் அடங்க, இரண்டு பக்கமும் சமமாக வந்து நடுவில் நின்ற என் குரல் வலப்பக்கம் ஓடிவிட்டது. அந்தப் பாட்டுக்காரி எங்களுக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு பாடுகிறாள் என்று இடப்பக்கத்துப் பெண்கள் குறைப்பட்டார்கள். அப்புறம்தான் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து, அதேபோல் இன்னொன்றைத் தானே செய்ய உட்கார்ந்தார்.

என் பவுடர் டப்பா ஒன்று அதற்குப் போனது. உள்ளே கறுப்பு மை பூசி, ஒரு முனையில் டார்ச் லைட் பல்பு வைத்தார். எதிர்முனையில் வெளிச்சத்துக்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்ன வில்லை. நான் உரக்கப் பாடினால் பல்பு எரியும். எரிகிற அளவுக்குச் சத்தம் அடங்கும். மெல்லப் பாடினால் பல்பு அணைந்து, சத்தம் முழுதாக வெளியே போகும். வெளி வெளிச்சம் உள்ளே படக் கூடாது என்று மூடியை மெழுகு ஊற்றி அடைத்தார். வாங்கியதும் செய்ததும் ஒத்துப்போக மாதக்கணக்கில் மல்லாடினார். கடைசியில் சத்தத்தின் அளவைக் காட்டும் இரண்டு பக்கத்து மீட்டர் ஊசிகளும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து நின்றன. அந்த ஊசிகளைப் பார்த்த மாதிரி அவர் என்னைப் பார்த்ததில்லை.

அடுத்த திருவிழாக் காலத்தில் எனக்கு இருமல் வந்தது, போகவில்லை. ஊசி கொஞ்சம் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, பழைய சாமான், சக்தி குறைகிறது என்று சொல்லி இரண்டு பெட்டியிலும் திருகைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். ஊசி பழைய இடத்துக்கு வந்தது. சில நாள் கழித்து மறுபடி ஏற்றினார். இப்போது வரிக்கும் வரிக்கும் நடுவில் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம் ஸ்பீக்கரில் கேட்க ஆரம்பித்தது. தான் செய்த டப்பாவின் கோளாறு என்று முடிவு கட்டி, கண்டென்சர்களை மாற்றினார், பற்றவைத்த இடங்களையெல்லாம் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தார். சத்தம் போகவில்லை.

ஒகேனக்கல்லில் ஒரு நிகழ்ச்சி முடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன். “ஏங்க, எனக்கு மூச்சு புடிக்கல. சரணம் முடியறதுக்குள்ள நெஞ்ச அடைக்குது. அந்தச் சத்தம் டப்பாவுல இல்லீங்க, எங்கிட்ட இருந்துதான் வருது.”

“ஊசி நின்ன எடத்துலயேதான நிக்குது. உங்கொரலுக்கு ஒன்னும் ஆவல. டப்பாவுலதான் கோளாறு, நான் பாத்துக்கறன்.”

பொண்டாட்டி வாய் திறந்து சொன்னதைவிட ஊசி பெரிதாகப் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவர் இல்லை. கம்பவுண்டரிடம் சளி மருந்து வாங்கிக் கொடுத்தார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார், குளத்துத் தண்ணியில் கால் நனைக்கக் கூடாது என்று அதட்டினார். எல்லாம் செய்தார், நான் சொன்னதை மட்டும் நம்பவில்லை. நான் மெலிந்துகொண்டே போனேன். வரவேற்பு நிகழ்ச்சிகளில் பெண்கள் என் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த இடம் சரியில்லை என்றார்கள்.

கம்பைநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பிற்பகலில் பந்தலில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். டப்பாவை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவர் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். பகல் வெளிச்சம் படாமலிருக்கத் தலையையும் டப்பாவையும் சேர்த்து ஒரு கறுப்புப் போர்வையால் மூடிக்கொண்டு, என்னைப் பாடச் சொன்னார். பல்லவியைப் பாடினேன். உரக்கப் பாடு என்றார். பாடினேன். பல்பு எரியவில்லை. ஃப்யூஸ் போயிருக்கிறது என்று சொல்லிக் கடைவீதிக்கு ஆள் அனுப்பிப் புதுப் பல்பு வாங்கிவரச் செய்தார். அதை மாட்டிவிட்டு மறுபடியும் பாடச் சொன்னார். அதுவும் எரியவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பல்பு சரியில்லையா, ஒயர் சரியில்லையா என்று தெரியாமல், தபலாக்காரரை மைக்கில் பேசச் சொன்னார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “மைக் டெஸ்ட், ஒன்னு, ரெண்டு” என்றார், சாதாரணமாகத்தான். போர்வைக்குள் பல்பு எரிந்ததை, துணியின் இழைகளின் வழியாக நானே பார்த்தேன். தபலாக்காரர் எண்ணிக்கொண்டே போனார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. என் கணவர் போர்வைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. நான் போய் விலக்கினேன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. என் கண்ணைப் பார்க்காமல், இன்றைக்கு நீ பாட வேண்டாம் என்றார்.

ஆண் குரலை மட்டும் வைத்து அன்றைய வரவேற்பை ஒப்பேற்றினார்கள். பாடுகிற பெண் எங்கே என்று ஜனங்கள் கத்தியது கடைசி வரிசையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காசம். ஒரு பக்கத்து நுரையீரல் பெரும்பாலும் போய்விட்டது என்றார் டாக்டர். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். உயிரைக் காப்பாற்றிவிடலாம், பாட்டை மறந்துவிடுங்கள் என்றார். உயிர் தங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

தினமும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவர் டேப்பில் பதிந்து வைத்திருந்தார். கடையை மதியமே சாத்திவிட்டு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். எல்லாவற்றிலும் என் குரல் ஒரே சீராக, நட்டநடுவில் நின்றது. நன்றாகக்கூட இருந்தது. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. எத்தனையோ நாள் கேட்ட பிறகு, ஒரு மதியம் டேப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“எந்த எடத்துல இருந்து உனக்கு இப்பிடி ஆச்சுன்னு கண்டுபுடிக்கவே முடியலயே.”

“அது டேப்புல இருக்காதுங்க,” என்றேன். “பஸ்ஸுல உங்ககிட்ட சொன்னன்.”