யூடிகோலன் கைக்குட்டை

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். யூடிகோலன் வாசனை. பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். பாயசத்தை விட்டு நான் எழுந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

காய்ச்சல்காரர் நெற்றியில் போடுகிற நல்ல வாசனைதான் அது. எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலேயே கெட்டுப்போனது. அப்போது செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். பேர் வேண்டாம். கெட்டிக்காரர், இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் கடற்கரை ஆட்கள் வந்தால் யூடிகோலன் தெளித்த கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். முதுகில் குழல் வைக்கும்போதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கிற அஞ்சலை, புருஷன் தேசிங்கோடு பஸ்ஸில் வருவாள். அவளுக்குக் காசநோய். அதற்கு ஊசி வந்த புதிது. விடாமல் போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். நாலைந்து ஊசியிலேயே இருமல் தணிந்து, சோறு இறங்குகிறது என்று சிரித்தாள்.

மார்கழியில் ஒருநாள் ஈரத்தலையோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் மரிக்கொழுந்து வேறு.

"இன்னாம்மா, இந்தக் குளிர்ல தலைக்கு ஊத்திகினு வந்துகீற?" என்றேன்.

தேசிங்குதான் பதில் சொன்னார். "ரெண்டு தபா சீக்கா போட்டு தேச்சிகினா அண்ணாத்த. டாக்டரு மூக்க மூடிக்கிறாருல்ல, அதான்."

உள்ளே போனாள். கைக்குட்டை மூக்குக்குப் போனது. "மீன் கூடைய வெளிய வெச்சிட்டு வரச் சொல்லக் கூடாதாய்யா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். அவள் கூடையே கொண்டுவரவில்லை.

அதற்குப் பிறகு அஞ்சலை வரவில்லை. "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மருந்தோட அருமை தெரியாதுய்யா" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். சொன்னாராம்! நாக்கை நீட்டு, மூச்சை இழு, அடுத்த ஆள். அவளிடம் அவர் பேசியது அவ்வளவுதான். சீ, என்ன மனுஷன்!

பங்குனியில் தேசிங்கு மட்டும் வந்தார். இருமல் மருந்துக்கு நான் கொடுத்தனுப்பியிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"அவ பூட்டா அண்ணாத்த. எம்மாந்தூரம் சொன்னேன், ஊசிக்கு வரமாட்டேன்னுட்டா. இத்த வேற யாருக்குனா குடு. சாம்பல் போட்டு களுவிகீறேன். மோந்து பாரு, நாத்தம் இல்ல."

இன்றைக்கு அந்த டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை. அஞ்சலை வைத்திருந்த மரிக்கொழுந்தின் வாசனையையாவது நினைவுக்குக் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. யூடிகோலன்தான் வருகிறது.