மாட்டுத்தோல் வாஷர்

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இன்ஜினீயர். வாரமெல்லாம் மில்லுக்கு உழைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரோடு அடிபம்பு மாட்டக் கிளம்பிவிடுவேன். சபையின் மிஷன் ஊர்களில் போர்வெல் போட்டுக் கொடுக்கும். பம்பை இறக்குவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. போதகருக்கு ஸ்பானர் எது, ரெஞ்ச் எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. இருந்தாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குறுக்கே குறுக்கே வருவார். அவரைத் திட்டாமல் ஒரு பம்பும் நான் மாட்டியதில்லை. அவரில்லாமல் எந்த ஊருக்கும் போனதுமில்லை.

சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு ஊரில், ஓடை தாண்டித் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்த பெண்களுக்காக ஒரு பம்பு போட்டோம். சில மாதத்தில் வாஷர் தேய்ந்து தண்ணீர் குறைந்தது. குழாயை வெளியே இழுத்துப் பிரித்தேன். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. உள்ளேயிருந்து எடுத்த கறுத்த வளையத்தைப் பார்த்து, "இது என்னதுய்யா?" என்று போதகரிடம் கேட்டாள்.

"மாட்டுத்தோல், தாயி" என்றார் அவர்.

அவ்வளவுதான், பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். "மாடு கட்டி எறைக்கிற கமலையில தோல் பைய வச்சுத்தானம்மா கெணத்துத் தண்ணி எறச்சீங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"அது வயக்காட்டுக்கு. இது வயித்துக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கினாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். புது வாஷர் மாட்டியதும் தண்ணீர் கொட்டியது, பிடிக்கத்தான் ஆளில்லை.

திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வாஷர்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம்லா. தோலுன்னு சொல்லச் சொல்லி உங்கள யாருய்யா கேட்டா?"

"அந்தப் பிள்ளதான கேட்டுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் நிறைவயிற்றோடு, இடுப்பில் குடத்தோடு ஓடையில் இறங்கி ஏறுவதைப் பார்ப்பேன். மில்லில் கிடந்த ரப்பரை வெட்டிப் பார்த்தேன்; ஒன்று ஊறிப்போய் இறுகிக்கொண்டது, இன்னொன்று ஒழுகியது. கடைசியில் லேத்தில் நானே ஓர் அச்சுக் கடைந்து, டயர் ரீட்ரெடிங் கடையில் கொடுத்து வார்த்து வாங்கினேன். அது தாக்குப்பிடித்தது.

மறுபடி போனபோது ஊர் பார்க்கட்டும் என்று சாக்கை விரித்து, கழற்றிய தோல் வாஷரை ஒரு பக்கமும் புது ரப்பரை ஒரு பக்கமும் வைத்தேன். சொல்வதற்கு ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். அவள் வந்தாள். சாக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"இப்பத் தோல் இல்லல்லா, ஐயா?" என்று போதகரைக் கேட்டாள்.

"இல்ல தாயி. ரப்பர்தான்."

நான் பம்பை மாட்டி முடித்ததும் குடத்தைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். பின்னால் நின்ற பெண்களும் குடம் எடுக்க வீட்டுக்கு நடந்தார்கள். அன்றைக்கு அவர் மழுப்பியிருந்தால் இந்த "இல்ல" யார் காதிலும் ஏறியிருக்காது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் குடம் நிறையும்வரை நானே கைப்பிடியை அடித்தேன்.