பாஸ்போர்ட்டில் மட்டும் வரும் பிறந்தநாள்

“சிதம்பரம் தாண்டாத பொண்ணு, வியட்நாம் போயி இங்கிலீஷ் சொல்லித்தரப் போறியா?” என்று சிரித்தார் நெல்லிக்குப்பம் மாமா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எம்.ஏ. முடித்து, வியட்நாமில் ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கில ஆசிரியை ஆனேன்.

ஜூன் ஒன்றாம் தேதி வகுப்புக்குள் நுழைந்தால் பலூன், கேக், பிறந்தநாள் பாட்டு. நானும் கைதட்டிப் பாடிவிட்டு, “யாருக்குப் பிறந்தநாள்?” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களுக்குத்தான். பாஸ்போர்ட்டில் இந்தத் தேதிதானே இருக்கிறது? அது உங்களுடையதுதானா?” என்றார் கேக் பக்கத்தில் நின்ற மையத்தின் மேலாளர் அம்மா, முகம் மாறி.

படிவங்களில் எத்தனையோ முறை எழுதிய தேதிதான். ஆனால் அதைப் பிறந்தநாளாக நினைத்ததே இல்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

“பொங்கல் முடிஞ்சு நாலாம் நாளு பொறந்தேடி. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? தலைக்கு மேல கையப் போட்டு காதைத் தொட்டுக் காட்டின. அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு சாரே ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டாரு” என்றார் அம்மா.

அதை ஆங்கிலத்தில் சொல்லி, செய்தும் காட்டினேன். மேலாளர் சந்தேகத்தோடு தன் காதைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகளும் தொட்டார்கள். பிறகு அவரே சிரித்து, கேக் வெட்டக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

இப்போது கைப்பேசியில் ஜூன் ஒன்றுக்கு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். போன வாரம் கடலூரில் பிறந்த அண்ணன் மகளுக்கு, பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிவு செய்ய வைத்துவிட்டேன்.