திறந்தால் சரியாகிவிடும் பெட்டி

பழுது பார்க்கும் அறையில் எல்லோரும் அவளை வெடி என்றுதான் கூப்பிட்டார்கள். சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்துவிடும். "இன்னிக்குத் திரி நனைஞ்சிருக்கு போல, சத்தமே காணோம்" என்பார் அடுத்த மேசைக்காரர். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

ரேடியோக் கடையில் ஒயர் பற்றவைக்கப் போய்த் தொழில் கற்றவள். இப்போது இருக்கும் கம்பெனி, ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் அவரவர் கேட்ட மாதிரி கார்டு ரீடர் செய்து கொடுத்தது. கார்டைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், வாசல் திறக்கும், ஆள் வந்ததாகப் பதிவாகும். படிக்கவில்லை என்றால் சிவப்பு.

ஒரேயடியாகச் செத்துப்போன ரீடர் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. விட்டு விட்டுப் படுத்துவதுதான் அவள் உயிரை வாங்கியது. வாசலில் ஒரு கூட்டத்தையே நிறுத்திவைத்து அழும்பு பண்ணிவிட்டு, அவள் மேசைக்கு வந்ததும் பரம சாதுவாகப் பச்சை காட்டும். நாள் முழுக்கப் பார்த்தும் ஒன்றும் அகப்படாவிட்டால் மூடியைப் போட்டு இறுக்கி, 'பழுது இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்த அறையின் வழக்கம் அது.

அப்படி அவள் அனுப்பிய ஒன்று, தங்கை வேலை பார்க்கும் நூற்பாலையின் வாசலுக்குப் போயிருந்தது.

ஒரு நாள் தங்கை வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நாளை மறுநாள் விசாரணையாம். நான் வேலைக்கே வராம வந்தேன்னு சொல்றேனாம்."

"வந்தியா, வரலையா?"

"வராம எங்க போனேன், சினிமாவுக்கா? கார்டு போட்டா சிவப்பு எரியுது. வாட்ச்மேன் பக்கத்துக் கதவால போம்மாங்கறார். உள்ள போய் நாள் பூரா வேலை செய்யறேன். கம்ப்யூட்டர்ல நான் வரலைன்னு இருக்கு."

"மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உன் ஸ்டிக்கரக் காட்டினார். பெட்டி நல்லா இருக்குன்னு கையெழுத்தே இருக்கு, அப்ப யார் பொய் சொல்றதுன்னார். உன் கையெழுத்து, அக்கா."

"நான் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்துது."

"நீ பார்த்தப்ப" என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் வெடியும் கூடவே போய் ஆலை வாசலில் நின்றாள். ரீடரை ஓர் இரும்புக் கம்பத்தில் பொருத்தியிருந்தார்கள். தங்கை கார்டைச் செருகினாள். சிவப்பு. வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் பக்கத்துக் கதவைத் திறந்தே விட்டார்.

"இதைக் கழட்டி எடுத்துட்டுப் போறேன், அண்ணே."

"தாராளமா. குப்பையில போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை போச்சு."

மேசைக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, கார்டைச் செருகினாள். பச்சை. மறுபடியும் பச்சை. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைத் தட்டினாள், சூடுகாட்டினாள், ஒயரை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் பச்சை. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"போன தடவை நீயே பார்த்ததுதானேம்மா. ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பு. குவிஞ்சு கிடக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடியை எடுத்து அறைகிற மாதிரி வைத்து, யாருடைய கழுத்தையோ திருகுவதுபோல நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கினாள். இறுக்கிய கையோடு கார்டைச் செருகினாள். சிவப்பு.

ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். பச்சை.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். மூடியின் உட்பக்கத்தில் ஒரு மேடு. இறுக்கினால் அது போர்டை அழுத்தும். அழுத்தினால், கார்டைத் தொடும் முள்ளின் காலில் இருக்கிற மயிரிழை விரிசல் வாய் திறக்கும். அதுவும் எப்போதும் இல்லை, சில நேரம். குளிரில் கொஞ்சம் அதிகம். இத்தனை காலமாக அந்த அறையில் எல்லோரும், அவளும்தான், முதல் வேலையாக மூடியைக் கழற்றினார்கள். பார்த்து முடித்துத்தான் மூடினார்கள். மூடிய பிறகு ஒருவரும் ஒரு கார்டைச் செருகியதில்லை.

"சார், மூடின பெட்டிய நாம பார்த்ததே இல்ல."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லாத. போன பெட்டியெல்லாம் திரும்பி வரும்."

"வரட்டும். வரத்தானே வேணும்?"

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

விசாரணையன்று மேனேஜரின் மேசைமேல் அதை வைத்து, ஆலையின் மின்சாரத்தில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரை அவரிடமே நீட்டினாள். "நீங்களே இறுக்குங்க, சார்."

அவர் இறுக்கினார். தங்கை கார்டைச் செருகினாள். பச்சை. மறுபடியும் பச்சை. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து நல்லா வித்தை காட்டறீங்க."

வெடி பல்லைக் கடித்தாள். தங்கை நிறுத்தவில்லை. எடுத்தாள், செருகினாள், எடுத்தாள், செருகினாள். பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு.

"இத்தனை தடவைக்கு ஒரு தடவைதானே?" என்றார் மேனேஜர்.

"நான் காலையில ஒரு தடவைதானே சார் போடறேன்" என்றாள் தங்கை.

அவர் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார். "சரி. நீ வரலைன்னு இருக்கிற நாளெல்லாம் வந்ததா மாத்தச் சொல்றேன். வேலைக்குப் போ."

தங்கை எழுந்திருக்கவில்லை. "பஞ்சு பிரிவுல ஒருத்திய இதே மாதிரி சொல்லி வேலைய விட்டு அனுப்பினீங்களே. அவளையும் கூப்பிடுங்க."

வெடிக்கு அது புதுச் செய்தி. "எப்ப?" என்றாள்.

"நீ ஸ்டிக்கர் ஒட்டின வாரம்."

"அது முடிஞ்சுபோன விஷயம்" என்றார் மேனேஜர். "ரீடரைச் சரி பண்ணி வாசல்ல மாட்டிட்டுப் போங்கம்மா."

வெடி ஒயரைப் பிடுங்கிச் சுற்றினாள்.

"மாட்ட மாட்டேன். அந்தப் பொண்ணு வந்து கார்டு போடற அன்னிக்கு மாட்டறேன். அதுவரைக்கும் வர்றவங்களை ஆள் வெச்சுப் பார்த்துக்குங்க, சார்."

"உங்க முதலாளிகிட்ட பேசறேன்."

"பேசுங்க. நான் மூடாம பார்த்ததையும் சேர்த்தே சொல்லுங்க."

மேனேஜர் போனை எடுத்தார். யாருக்கு என்று தெரியவில்லை. அக்காவும் தங்கையும் அந்த மேசைக்கு முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தார்கள்.