அப்பா அளந்து கொடுத்த முந்நூறு எம்பி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடும்போது, கொட்டாங்கச்சியை மணலில் தேய்ப்பது போல ஒரு சத்தம் வரும். கல்பாக்கத்தில் அப்பா அட்டெண்டராக இருந்த ஆபீசில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து, சாக்கில் சுற்றி, பஸ்சில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். சரிசெய்து கொடுத்தவர் உள்ளே எழுநூற்றைம்பது எம்பி இடம் காலியாக இருப்பதாகவும், அதில் நூற்றைம்பதைக் கம்ப்யூட்டர் ஓடுவதற்கென்று விட்டுவைக்க வேண்டும் என்றும் சொன்னார். எம்பி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. "இடம்" என்ற சொல் மட்டும் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. கடப்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்திலேயே நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம் எங்களுடையது. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க ஒரு முழம் மண்கூட எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அன்று சாயங்காலமே எங்கள் பெயரில் இரண்டு ஃபோல்டர் போடச் சொல்லி, அண்ணனுக்கு முந்நூறு, எனக்கு முந்நூறு என்று பிரித்துக் கொடுத்தார்.

வேடிக்கை பார்க்க வந்த மாமா, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு மச்சான் சரிபாதி?" என்று சிரித்தார்.

"அளக்க உக்காந்தா ரெண்டும் புள்ளதான். நீ டீயக் குடி," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் "அளவை" நடக்கும். அப்பா ஒவ்வொரு ஃபோல்டராக மவுசின் வலது பக்கத்தை அழுத்தி, அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பிராப்பர்ட்டீசைத் திறப்பார். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நிற்கும்வரை யாரும் பேசக்கூடாது. நின்றதும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். முந்நூறைத் தாண்டியவர் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே, எதையாவது அழித்தாக வேண்டும்.

என் ஃபோல்டரில் நான் மவுசால் வரைந்த படங்கள் இருந்தன. கட்டுமரம், மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம், மழையில் நிற்கும் எங்கள் ஊர் பஸ் என்று நாற்பது படங்கள். எல்லாம் சேர்ந்து ஐம்பத்தாறு எம்பி. மிச்ச இடம் சும்மா கிடந்தது. அண்ணனின் இடம் பாட்டுகளால் நிரம்பிவிட்டதால், புதிதாகக் கிடைத்த கிரிக்கெட் விளையாட்டை என் ஃபோல்டருக்குள் போட்டு வைத்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு என் எண் நானூற்றாறில் போய் நின்றது.

"இன்னாம்மா எஸ்தரு, வரப்பத் தாண்டிட்ட?" என்றார் அப்பா.

"எந்நேரமும் படம் வரைஞ்சிகினே கீறா. அதான்ப்பா," என்றான் அண்ணன்.

நான் உட்கார்ந்து, நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அழித்தால்தான் இடம் உடனே காலியாகும் என்று முன்பே சொல்லிக்கொடுத்ததும் அண்ணன்தான். அப்படி அழித்தது திரும்ப வராது. முடித்ததும் அப்பா மறுபடியும் அளந்தார். முந்நூற்று ஐம்பது. அவருக்குப் புரியவில்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே விளையாட்டு ஒன்றுதான் இருந்தது.

அண்ணனைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம்தான் திரும்பினார். "உன் எடத்துல உன்னுது எதுன்னு நீதான சொல்லணும்? நான் அளக்கத்தான் முடியும். வாய் எதுக்கு கீது உனுக்கு?" என்றவரின் கண் கலங்கியிருந்தது. விளையாட்டை அண்ணனையே அழிக்க வைத்தார். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான் அதற்குப் பிறகு படம் வரையவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. போன மாதம் அண்ணன் ஒரு பத்திரத்தின் நகலை அனுப்பியிருந்தான். பொத்தேரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப்பில் அதை இறக்கப் பார்த்தால் இடமில்லை என்றது. மகள் சொன்னபடி ஒவ்வொரு ஃபோல்டராக பிராப்பர்ட்டீசைத் திறந்து பார்த்தேன். எண் ஏறுகிறது, அந்தப் பழைய கொட்டாங்கச்சிச் சத்தம் மட்டும் இல்லை. பழைய சினிமா ஒன்றை அழித்துவிட்டுப் பத்திரத்தைப் படித்தேன். ரிட்டயர்மென்ட் பணத்தில் அப்பா கூடுவாஞ்சேரியில் வாங்கிய மனையில் என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் அது.

"ஒரே ஒரு கையெழுத்துதான் எஸ்தரு," என்றான் போனில். "வூடு கட்டப் போறேன். மச்சான் நல்லா சம்பாதிக்கிறாரு, உனுக்கு இன்னாத்துக்கு அது? நாளிக்குக் காலையில பத்திர ஆபீசுக்கு வந்துடு."

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பத்திர ஆபீசுக்குப் போனேன். அண்ணன் பேனாவை நீட்டினான். "பாதி என்னுதுண்ணா," என்றேன். கையெழுத்துப் போடவில்லை. பன்னிரண்டு மணி பஸ்சில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.