உள்ளே போன தோட்டா

துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிறவர்களால் எங்கள் தொழிலுக்குத் தொல்லை இல்லை. தோட்டாவைக் கண்டு பயப்படாதவர்களோடுதான் எங்கள் காலம் ஓடுகிறது.

சங்கரன்கோவிலில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் முப்பது வருஷமாகப் பழுது பார்க்கிறேன். மருந்துக் கடையில் நிற்பவர்களும், கேஸ் சிலிண்டர் மாட்டித் தருபவர்களும், கரண்டு வேலை பார்ப்பவர்களும் என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள். நூறு முறை சொன்னாலும் நூற்றியோராவது முறை சொல்ல வேண்டியிருக்கும்.

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஒரு வங்கிக் காவலர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு வாரில் இருந்த தோட்டாக்கள் ஒவ்வொன்றின் பித்தளை அடியிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. "குழலுக்குள்ள போக மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றார்.

அவை பழைய அட்டைக்கூட்டுத் தோட்டாக்கள். சந்தனத்தின் ஈரத்தைக் குடித்து அட்டை ஊறி உப்பியிருந்தது. போகாததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டிபன் பாக்ஸ் மூடியால் தட்டிப் பார்த்தாராம். குங்குமம் வைத்த இடம்தான் கேப்பு. ஊசி குத்தினால் தீப்பற்றும் இடம். அதன் மேல் மூடியால் தட்டிய மனிதர் முழுசாக என் முன்னே நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரோ வருத்தமாகச் சொன்னார்: "பட்டாளத்துல பொட்டு வைக்க விட மாட்டாங்க அண்ணாச்சி, அதான் அங்க ஒருநாளும் சிக்கல."

மயிரிழை

கடையநல்லூர் வியாபாரி ஒருவர் தோட்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி மின்ன மின்னக் கொண்டுவந்தார். பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்ததாம், சுத்தம் பண்ணினாராம். ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தேன். பித்தளையில் நகத்தளவு நீளத்துக்கு ஒரு விரிசல், பூனை முடியை ஒட்ட வைத்தது போல. தோட்டா வெடிக்கும்போது இந்தத் தகடு விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பும் புகையும் பின்னால் வராமல் அடைக்கும் கதவு அதுதான். கதவில் விரிசல் இருந்தால் காற்று எந்தப் பக்கம் வரும்?

அவர் கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தோளில் வைப்பது போலக் கையை வைத்து, கன்னத்தைச் சாய்த்து, தன் கண் எங்கே வருகிறது என்று விரலால் அளந்தார். "யா அல்லா, இந்த மயிரிழைக்கு அங்கிட்டாலயா அண்ணாச்சி என் கண்ணு இருக்கு?"

என் தப்பு

தேர்தல் வந்தால் ஊர்த் துப்பாக்கிகள் எல்லாம் ஒப்படைக்கப்படும். பாதி எங்கள் கடைக்கு வரும். திருப்பிக் கொடுக்குமுன் ஒவ்வொருவர் தோட்டாப் பையையும் அவிழ்த்து, நசுங்கியது உப்பியது இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் காலை அவசரத்தில் இரண்டு பைகளை ஒரே மேசையில் கொட்டிவிட்டேன். மத்தியானம், அதில் ஒன்றை வாங்கிப்போன உள்ளூர் வக்கீல் திரும்பி வந்தார். "என் பையில ரெண்டு தோட்டா தடியா இருக்கு வே" என்றார். அவருடைய துப்பாக்கிக் குழலின் அளவு இருபது போர். தடியானவை பன்னிரண்டு போர். அப்படியானால் அவருடைய இரண்டு இருபது போர், காலையிலேயே பன்னிரண்டு போர் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப்போன சிவகிரி விவசாயி வேல்சாமியின் பையில் இருக்கிறது.

பன்னிரண்டைவிட இருபது பெரிது என்றுதான் பள்ளியில் படித்தோம். இங்கே தலைகீழ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலக் குழல் பன்னிரண்டு போர். இருபதாகப் பங்கிட்டால் உருண்டை சிறுக்கும்தானே? அந்த ஒல்லித் தோட்டா பன்னிரண்டு போர் குழலில் நிற்காது. வழுக்கி முன்னே போய் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். சரி என்று பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் வெடித்து, பிடித்திருக்கும் இடது கையைக் கொண்டுபோய்விடும். வேல்சாமிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பஸ் ஏறினேன். சிவகிரி வரைக்கும் என் இடது கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாய்கிற நேரம். மக்காச்சோளக் கொல்லையில் வேல்சாமி திறந்த துப்பாக்கியோடு கத்திக்கொண்டிருந்தார்: "ஏட்டி, பன்னி உள்ள இறங்கிட்டு! ஒரு வேட்டுப் போட்டு விரட்டுதேன், பையக் கொடு!" அவர் மனைவி இசக்கியம்மாள் தோட்டாப் பையைச் சேலை முந்தியில் சுற்றி இடுப்பில் சொருகியிருந்தார். "முதல்ல போட்டது எங்க? அதச் சொல்லும், தாரேன்." "புல்லுல விழுந்திருக்கும்ட்டி!" "விழுந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?" துப்பாக்கியை வாங்கிக் குழல் வழியே வானத்தைப் பார்த்தேன். வானம் தெரியவில்லை. மெல்லிய மரக்கோலை முன்பக்கமாக விட்டு மெதுவாகத் தள்ளினேன். இருபது போர் தோட்டா பின்னால் வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. இன்னொன்று பையிலேயே இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். என் தப்பு என்று சொன்னேன். வேல்சாமி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கி தெரியாத உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "மூணு புள்ள பெத்தவ அண்ணாச்சி நானு, உள்ள இருக்கது வெளிய வரலன்னா சும்மா இருப்பேனா?"

இப்போதெல்லாம் ஒரு பையைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்ததை அவிழ்க்கிறேன். முப்பது வருஷத் தொழில் எனக்குத் தராத இந்தப் புத்தியைத் தந்தவர் ஒரு துப்பாக்கியையும் தொட்டதே இல்லை.